டாலஸ் – டென்வர்: டிக்கெட் 39 டாலர், பூனைக்கு 99. மொத்தத்தில் எந்த ஏர்லைன் மலிவு?

பட்டாணிச்சுண்டல் கேட்டது:

வணக்கம். வேலை மாற்றல் காரணமாக டாலஸிலிருந்து டென்வருக்குக் குடிபோகிறோம். நானும் கணவரும், கூட ஒரு பூனை. நாலு வயது, 11 பவுண்டு, ரேபிஸ் ஊசி நடப்பில் இருக்கிறது. நாங்கள் போகும் தேதிக்கு இன்று காட்டும் ஒருவழி விலை இது:

ஃப்ரன்டியர்: ஆளுக்கு 39, பூனைக்கு 99, கைப்பெட்டிக்கு 57, செக்-இன் பெட்டிக்கு 62.
சவுத்வெஸ்ட்: ஆளுக்கு 89, பூனைக்கு 125, கைப்பெட்டிக்குக் காசில்லை, முதல் செக்-இன் பெட்டிக்கு 35.

எங்களிடம் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பெட்டி, ஒரு தோள்பை. ஃப்ரன்டியர்தான் மலிவு என்று கணவர் சொல்கிறார். கூட்டிப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். பூனைக்கு வெட்டினரி டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா? 79 டாலருக்கு "எமோஷனல் சப்போர்ட்" (மன ஆறுதலுக்குப் பிராணி தேவை என்ற) கடிதம் வாங்கினால் பூனைக் கட்டணமே கிடையாது என்று ஒரு வெப்சைட் சொல்கிறது, உண்மையா? செக்யூரிட்டியில் பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்களாமே, ஓடிவிட்டால் என்ன செய்வது?

---

ஓடுபாதை பதில்:

உங்கள் கணக்கு சரி. ஆனால் உங்கள் கணவர் கணக்கையும் சரியாக்க ஒரு வழி இருக்கிறது.

நீங்கள் சொன்ன சாமானோடு அப்படியே போனால் ஃப்ரன்டியர்: டிக்கெட் 78, பூனை 99, செக்-இன் பெட்டி இரண்டு 124, கைப்பெட்டி இரண்டு 114. மொத்தம் 415. சவுத்வெஸ்ட்: 178, 125, 70. மொத்தம் 373. சவுத்வெஸ்ட் 42 டாலர் குறைவு.

கைப்பெட்டி இரண்டையும் விட்டுவிட்டு, அதில் உள்ளதைப் பெரிய பெட்டிகளில் அடைத்தால் ஃப்ரன்டியர் 301-க்கு இறங்கும். சவுத்வெஸ்ட் அதே 373-இல் நிற்கும். பெரிய பெட்டியும் வேண்டாம், எல்லாம் லாரியில் போகிறது என்றால் ஃப்ரன்டியர் 177, சவுத்வெஸ்ட் 303. ஆக மலிவு எது என்பதைத் தீர்மானிப்பது பூனை இல்லை, உங்கள் பெட்டிகள். பெட்டியை அடைக்கும்போது எடை வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் எடைக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். பெட்டிக்கான பணத்தையும் புக் செய்யும்போதே கட்டிவிடுங்கள். ஃப்ரன்டியரில் கேட் வரை போய்க் கட்டினால் அதிகமாகும்.

சவுத்வெஸ்டில் "ரெண்டு பெட்டி ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2025 மே 28-இலிருந்து எடுத்த டிக்கெட்டுகளுக்கு அந்தச் சலுகை பெரும்பாலோருக்கு இல்லை.

இரண்டிலும் பூனைக் கட்டணம் என்பது சீட்டுக்கு அடியில் கூடை வைக்கும் உரிமைக்கு மட்டும். பூனைக்குச் சீட் கிடையாது. பக்கத்து சீட்டைக் காசு கொடுத்து வாங்கினாலும் கூடை கீழேதான் இருக்க வேண்டும், ஜிப்பும் மூடியே இருக்க வேண்டும். சவுத்வெஸ்டில் பூனைக் கூடை உங்கள் கைச்சாமானில் ஒன்றாகக் கணக்காகும். இருவருக்கும் சேர்த்து நாலு உருப்படி அனுமதி. உங்களிடம் நாலு இருக்கிறது, பூனை ஐந்தாவது. ஒரு தோள்பையைக் கைப்பெட்டிக்குள் மடித்து வைத்தாக வேண்டும். ஃப்ரன்டியரில் வேறு சிக்கல்: கூடையும் தோள்பையும் ஒரே சீட்டுக்கு அடியில் போகாது. பூனைக்காரருடைய தோள்பையை லேப்டாப், மருந்து அளவுக்கு ஒல்லியாக்கி விடுங்கள்.

கூடை அளவு: சவுத்வெஸ்டில் நீளம் 18.5, அகலம் 13.5, உயரம் 8.5 இன்ச். ஃப்ரன்டியரில் 18, 14, 8. கடைகளில் "ஏர்லைன் அப்ரூவ்டு" என்று அச்சடித்து 11 இன்ச் உயரக் கூடையெல்லாம் விற்கிறார்கள். அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. துணிக்கூடையாக, மேல்பக்கம் கொஞ்சம் அமுங்குவதாக வாங்குங்கள். 18 × 13 × 8 வாங்கினால் இரண்டு ஏர்லைனுக்கும் சரியாக இருக்கும். வாங்கியதும் இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள், லேபிளில் இருப்பது பல சமயம் உள்அளவு. கவுன்டரில் இருப்பவர் பூனையைத்தான் பார்ப்பார்: உள்ளே திரும்ப முடிகிறதா, வாலோ பாதமோ வெளியே துருத்துகிறதா. 11 பவுண்டுப் பூனைக்கு 8 இன்ச் கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் சுருண்டு படுக்கும்.

இடத்தை எப்படிப் பிடிப்பது என்பதுதான் முக்கியம். ஒரு விமானத்தில் இத்தனை கூடைதான் என்று வரம்பு உண்டு; சவுத்வெஸ்டில் 6. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே போன் செய்து, அந்த ஃப்ளைட்டில் இன்னும் பெட் (செல்லப்பிராணி) இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உடனே ஏர்லைனின் சொந்த சைட்டில் டிக்கெட் எடுத்து, பூனையை அதே புக்கிங்கில் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் ஆள் சைட்டில் எடுத்தால் பூனையைச் சேர்க்கும்போது "அவங்களைக் கேளுங்க, இவங்களைக் கேளுங்க" என்று அலையவிடுவார்கள். இடம் இல்லை என்று பிறகு தெரிந்தாலும், புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ முன்னதாக ஏர்லைனிடமே நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால் 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்து முழுப்பணமும் வாங்கலாம். அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி, எந்த பட்ஜெட் ஏர்லைனும் தப்ப முடியாது.

சவுத்வெஸ்டில் பூனைக்கான பணத்தை ஏர்போர்ட் கவுன்டரில்தான் கட்ட வேண்டும். அதனால் வாசலில் பெட்டி போட்டுவிட்டு நேரே உள்ளே போகலாம் என்று திட்டமிடாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

சீட்: எக்ஸிட் வரிசையும் முதல் வரிசையும் கிடைக்காது. முதல் வரிசையில் முன்னால் சீட் இல்லை, கூடை வைக்க இடமும் இல்லை. மூன்று சீட் வரிசையில் பெரும்பாலும் நடு சீட்டுக்கு முன்னால்தான் அடியிடம் அகலம். ஓரச் சீட்டில் கால்கம்பி உள்ளே வந்து இடத்தைக் குறைக்கும். நீங்கள் இருவர் என்பதால் நடு சீட் கிடைப்பது சுலபம்.

---

வேப்பங்கொழுந்து பதில்:

அந்த 79 டாலர் கடிதத்துக்குக் காசு கொடுக்காதீங்க. 2021 ஜனவரி 11-இலிருந்து அமெரிக்க விமானங்களில் எமோஷனல் சப்போர்ட் பிராணியைச் செல்லப்பிராணியாகவே கணக்கிடலாம் என்று விதி மாறிவிட்டது. இப்போது கட்டணமில்லாமல் ஏற்ற வேண்டியது பயிற்சி பெற்ற சர்வீஸ் நாயை மட்டும்தான். நாய்! பூனைக்கு அந்த வகையே கிடையாது. "தேசியப் பதிவேடு", அட்டை, மேலங்கி என்று விற்பவை எதற்கும் சட்டத்தில் இடமில்லை. கவுன்டரில் அந்தக் கடிதத்தைக் காட்டினால், சரிம்மா என்று சொல்லிவிட்டு 99-ஐயும் வாங்கிக்கொள்வார்கள்.

சான்றிதழ்: உள்நாட்டில் கேபினில் போகும் பூனைக்கு சவுத்வெஸ்ட் கேட்பதில்லை. ஆனால் ஏர்லைன் விதி வேறு, மாநில விதி வேறு. பிராணியைக் கொண்டுவருவதற்கு ரேபிஸ் ஊசி ஆதாரமும், டாக்டர் பரிசோதித்த சான்றிதழும் பல மாநிலங்களின் விதியில் இருக்கிறது. கொலராடோ வேளாண்மைத் துறையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எப்படியும் கிளம்பும் முன் ஒரு செக்-அப் செய்யத்தான் போகிறீர்கள், அப்போதே கேட்டு வாங்கினால் தனியாக ஒரு விசிட் காசு மிச்சம். ரேபிஸ் சான்றிதழின் அசலைக் கையில் வையுங்கள். டென்வர் நகரத்தில் பூனைக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கும் அதே காகிதம்தான்.

மயக்க மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போவீர்கள். கண் சொருகி, தலை தொங்கும் பிராணியைக் கவுன்டரில் ஏற்ற மறுக்கலாம். ஆழ்ந்த மயக்கத்தில் உடல் வெப்பமும் ரத்த அழுத்தமும் இறங்கும், பறக்கும்போது கவனிக்கவும் ஆளில்லை. பதற்றத்தைக் குறைக்கப் பல டாக்டர்கள் பூனைக்கு கபபென்டின் எழுதித் தருகிறார்கள். அளவு டாக்டர் சொல்வதுதான், மனிதருக்கான சிரப்பை வீட்டிலிருந்து கொடுக்க வேண்டாம்; சிலவற்றில் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு இருக்கும். எதுவானாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில பூனை தூங்கும், சில பூனை தள்ளாடிக்கொண்டே சுவரேறும்.

---

கண்ணாடிமீசை பதில்:

அக்கா, செக்யூரிட்டி பத்தி மட்டும் சொல்றேன்.

ஆமா, வெளிய எடுக்கத்தான் வேணும். கூடை காலியா எக்ஸ்-ரே பெல்ட்ல போகணும், பூனை உங்க கையில மெட்டல் டிடெக்டர் வழியா வரணும். பூனை உள்ள இருக்கும்போது கூடையை பெல்ட்ல விட்டுடாதீங்க, அவசரத்துல அப்படி விடுறவங்க நிஜமாவே இருக்காங்க. தாண்டினதும் உங்க உள்ளங்கையை ஒரு துணியால தடவி டெஸ்ட் பண்ணுவாங்க, அது வழக்கம்தான்.

பயந்த பூனைன்னா ஹாலுக்கு நடுவுல ஜிப்பைத் திறக்கவே வேண்டாம். வரிசைல உங்க முறை வந்ததும் முதல் ஆபீஸர்கிட்டயே "பிரைவேட் ஸ்க்ரீனிங் ரூம் வேணும், பூனை ஓடிடும்"னு சொல்லுங்க. கதவு மூடின ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க பூனையை எடுத்துக் குடுத்தா, கூடையை அவங்க கொண்டுபோய் எக்ஸ்-ரே பண்ணிட்டு வருவாங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷம் கூட ஆகும், அதுக்குத் தகுந்த மாதிரி கிளம்புங்க. காசு கிடையாது.

ஹார்னஸ் (உடம்பைச் சுத்தி மாட்டுற வார்) வீட்டுலயே மாட்டிடணும். கழுத்துப் பட்டை மட்டும் போதாது, பூனை தலையைப் பின்னால இழுத்தா கழண்டு வந்துடும். ரெண்டு வகை ஹார்னஸ் இருக்கு: வெறும் வார் வச்சது, நெஞ்சு முழுக்க மூடுற துணி வச்சது. ரெண்டாவதை வாங்குங்க. மாட்டினதும் ரெண்டு விரல் நுழையணும், மூணு நுழைஞ்சா பூனையும் நுழைஞ்சு வெளிய வந்துடும். லீஷ் கயித்தை மணிக்கட்டுல ஒரு சுத்து சுத்திக்குங்க. ரெண்டு வாரம் முன்னாடியே தினமும் பத்து நிமிஷம் மாட்டிப் பழக்குங்க. முதல் நாள் செத்தது மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு விழும். அது நடிப்பு.

திரும்பக் கூடைக்குள்ள போடுறதுதான் பெரும்பாடு. தலையை முதல்ல தள்ளுனா நாலு காலையும் விரிச்சு நிக்கும். பின்பக்கத்தை முதல்ல இறக்குங்க. அதனாலதான் மேல்பக்கமும் திறக்குற கூடையா வாங்கணும்.

சாப்பாடு அஞ்சாறு மணி நேரம் முன்னாடி நிறுத்திடுங்க, தண்ணி குடிக்கலாம். கூடை அடில பப்பி பேட் (ஈரம் உறிஞ்சுற விரிப்பு), அதுக்கு மேல நீங்க போட்டுக் கழட்டின டி-ஷர்ட். ரெண்டு பேட் எக்ஸ்ட்ரா, ஒரு ஜிப்லாக் கவர், ஈரத் துடைப்பான். லிட்டர் (பூனை மலஜலம் கழிக்கிற மணல்) தேவைப்பட்டா ஃபேமிலி ரெஸ்ட்ரூம்ல கதவைப் பூட்டிட்டு அலுமினிய ட்ரேல கொஞ்சம் கொட்டி வைங்க. நாய்க்குன்னு இருக்கற ரிலீஃப் ஏரியாவுல பூனை உக்காராது, அங்க இருக்கற வாசனைக்கே கூடைக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

---

நெடுஞ்சாலை287 பதில்:

யாரும் கார் கணக்கைப் போடவில்லையே? குடிபோகிறீர்கள் என்றால் கார் எப்படியும் டென்வருக்குப் போயாக வேண்டும். லாரியில் ஏற்றி அனுப்பினால் அதற்குத் தனிச் செலவு.

டாலஸ் – டென்வர் கிட்டத்தட்ட 800 மைல், 12–13 மணி நேரம். விச்சிட்டா ஃபால்ஸ், அமரில்லோ, கிளேட்டன், ரட்டோன், அங்கிருந்து ஐ-25 நெடுஞ்சாலை. கேலனுக்கு 30 மைல் தரும் கார் என்றால் 27 கேலன். 3 டாலர் விலையில் 80 சொச்சம். அமரில்லோவில் ஓர் இரவு, பிராணிகளை அனுமதிக்கும் மோட்டல் 90, அதற்கு மேல் அவர்கள் கேட்கும் பிராணிக் கட்டணம் ஒரு 25. இருநூறுக்குள் இரண்டு பேர், பூனை, எல்லாப் பெட்டியும் போய்ச் சேரும்.

புக் செய்யும்போது பிராணிக் கட்டணம் இரவுக்கா, மொத்தமாகவா, பூனைக்கும் உண்டா என்று கேளுங்கள். "பெட் ஃப்ரெண்ட்லி" என்று போட்டுவிட்டு நாய்க்கு மட்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் சந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூடையைத் திறங்கள். சந்து இருந்தால் முதலில் தலையணையால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கும். குளிர்காலமென்றால் ரட்டோன் கணவாயில் பனிக்குச் சாலையை மூடிவிடுவார்கள்; கிளம்பும் முன் நியூ மெக்சிகோ, கொலராடோ இரண்டின் சாலை நிலவரத்தையும் பாருங்கள்.

---

பட்டாணிச்சுண்டல்:

எல்லோருக்கும் நன்றி. காரை ஏற்கெனவே தம்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டான், அதனால் விமானம்தான். பெட்டிகளில் ஒன்றை அவனிடமே கொடுத்துவிட்டோம். கைப்பெட்டியும் வேண்டாம் என்று முடிவு செய்தால் ஃப்ரன்டியர்: 78, 99, 62. மொத்தம் 239. சவுத்வெஸ்ட் 338. சண்டையில் கணவர் ஜெயித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. ஃப்ளைட் கேன்சல் ஆனாலோ நேரம் மாறினாலோ பூனையின் 99 என்ன ஆகும்?

---

ஓடுபாதை பதில்:

ஏர்லைனே கேன்சல் செய்து, நீங்கள் மாற்று ஃப்ளைட்டை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் டிக்கெட்டோடு பூனைக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். உள்நாட்டில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நேரம் மாறினாலும் இதே உரிமை உண்டு. கிரெடிட், வவுச்சர் என்று கொடுக்க வந்தால், வேண்டாம், கட்டிய கார்டுக்கே திருப்பிப் போடுங்கள் என்று சொல்லுங்கள். நீங்களாகக் கேன்சல் செய்தால் கதை வேறு: சவுத்வெஸ்ட் பூனைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகை, ஃப்ரன்டியரில் என்ன விதி என்று பணம் கட்டும் பக்கத்திலேயே படித்துவிடுங்கள். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பணத்தை விடப் பெரிய தொல்லை இன்னொன்று. ஏர்லைன் உங்களை வேறு ஃப்ளைட்டுக்கு மாற்றும்போது டிக்கெட் மாறும், பூனையின் இடம் கூடவே மாறியதா என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். புது ஃப்ளைட்டில் வரம்பு நிரம்பியிருந்தால் கவுன்டரில்தான் தெரியவரும். நேரமாற்ற ஈமெயில் வந்த உடனே தொடர்புகொண்டு, புக்கிங்கில் பெட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சாட்டில் கேட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இடைநிறுத்தம் உள்ள ஃப்ளைட்டைத் தொடவே தொடாதீர்கள், நேரடியாக இரண்டு மணி நேரத்தில் போகும் ஊருக்கு லாஸ் வேகஸ் வழியாக ஏன் போக வேண்டும்? 20 டாலர் மிச்சம் பார்த்தால், பூனை கூடைக்குள் எட்டு மணி நேரம் கிடக்கும்.

---

மூக்குத்தூள்:

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 70 பவுண்டு லேப்ரடாருக்கு இதில் ஏதாவது வழி இருக்கிறதா?

---

ஓடுபாதை பதில்:

இந்த இரண்டிலும் இல்லை. சவுத்வெஸ்ட், ஃப்ரன்டியர் இரண்டுமே சரக்கறையில் செல்லப்பிராணியை ஏற்றுவதில்லை. சீட்டுக்கு அடியில் நுழையாத எதுவும் வர முடியாது. லேப்ரடாருக்கு, அலாஸ்கா ஏர்லைன்ஸ் போல சரக்கறையில் ஏற்றுகிறவர்களைப் பாருங்கள், அவர்கள் போகும் ஊராகவும் இருக்க வேண்டும். அதற்குக் கெட்டிக் கூண்டு தேவை, கோடை வெயிலிலும் கடுங்குளிரிலும் ஏற்ற மறுக்கும் நாட்கள் உண்டு. டெக்ஸஸ் ஜூலையில் அதை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். நெடுஞ்சாலை287 சொன்ன வழிதான் உங்களுக்கு.

---

வேப்பங்கொழுந்து பதில்:

சுண்டல், இறங்கிய பிறகான செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டென்வர் ஏர்போர்ட் ஊரை விட்டு வெகுதூரம். உபரில் சாதாரண கார் கூப்பிட்டால் பூனையைப் பார்த்து டிரைவர் மறுக்கலாம். "உபர் பெட்" என்று போட்டுக் கூப்பிட வேண்டும், கட்டணம் கொஞ்சம் கூடும். மலிவு வழி ஏ லைன் ரயில்: ஏர்போர்ட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு ஆளுக்கு 10 டாலர், 37 நிமிடம். மூடிய கூடையில் இருந்தால் பூனைக்கு அதில் காசில்லை. தம்பி அங்கேயே இருந்தால் அவரையே காரோடு வரச் சொல்லுங்கள், வரும்போது லிட்டர் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.